ஐந்து விரல் இன்ஜினுக்கு ஓய்வு: மாதிரி ரயில்பாதை குறித்து வாசகர் கேள்விகள்

நியூஜெர்சியில் எங்கள் வீட்டு நிலவறையில் ஓடும் மாதிரி ரயில்பாதையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பாதையைக் கட்டி முடித்த பிறகு அதை வைத்து என்ன செய்வது, எப்படிப் பேணுவது என்பதைப் பற்றியவை. அக்கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. என்னுடையது 1:87 விகிதத்தில், அதாவது எச்ஓ அளவில் அமைந்தது. 1952-ஆம் ஆண்டின் டெலவேர், லாக்கவானா அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின், பென்சில்வேனியாவில் உள்ள ஸ்க்ரான்டன் யார்டையும், அங்கிருந்து போகோனோ மலைமீது ஏறிச் செல்லும் பாதையையும் அதில் காட்ட முயன்றிருக்கிறேன். உண்மையில் அது இரட்டைப் பாதை. நிலவறையில் இடமில்லாததால் நான் ஒற்றையாக்கிவிட்டேன், ஸ்க்ரான்டன்காரர்கள் மன்னிக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு பொறுப்பை ஏற்று, மூன்று மணி நேரம் அந்த ரயில்வேயை நடத்துகிறோம். அமெரிக்கர்கள் ஆபரேட்டிங் செஷன் என்று சொல்லும் இதனை இங்கே இயக்க நாள் என்று எழுதுகிறேன்.

கேள்வி: எட்டுக்கு நான்கு அடிப் பலகையில் ஒரு வட்டப்பாதையும், வேகன்களை நிறுத்தும் பக்கத் தடங்களாக இரண்டு சைடிங்குகளும் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் ஒரு வாரம் ஆசையாகப் பார்த்தார்கள். பிறகு யாரும் அந்தப் பக்கமே வருவதில்லை. இடம் போதாது என்பதுதான் காரணமா? (கோவை வாசகர்)

இடம் காரணமில்லை, ஐயா. உங்கள் ரயில் எந்த ஊரிலிருந்தும் புறப்படவில்லை, எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் காரணம். 1940-களில் ஃபிராங்க் எலிசன் என்ற அமெரிக்கர், டெல்டா லைன்ஸ் என்று தாம் பெயரிட்ட வீட்டு ரயில்பாதையை ஒரு நாடக மேடைக்கு ஒப்பிட்டு எழுதினார். இயற்கைக் காட்சிகள் அரங்க அமைப்பு, ரயில்கள் நடிகர்கள், இயக்க அட்டவணைதான் கதை என்பது அவர் கருத்து. அந்தக் கதை உங்கள் பலகையில் இன்னும் எழுதப்படவில்லை.

எழுதுவதற்குப் பலகையின் ஒரு பக்கத்து நீளமே போதும். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிர், அதாவது வேகன்களை இடம் மாற்றிக் கோக்கும் புதிர் இருக்கிறது. மூன்று சைடிங்குகள், ஒன்றில் ஐந்து வேகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களும் நிற்கலாம், இன்ஜின் முன்பின் போய்வரும் கழுத்துப் பாதையில் இன்ஜினோடு மூன்று வேகன்களுக்கு மட்டுமே இடம். மொத்தம் எட்டு வேகன்கள். எட்டு வேகன்களின் பெயர்களையும் சீட்டுகளில் எழுதி, குலுக்கி, ஐந்து சீட்டுகளை எடுத்து, வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீள சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். 6,720 வரிசைகள் வரக்கூடும் என்பதால், மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. எச்ஓ வேகன் ஒன்றுக்கு 15 செ.மீ. என்று கணக்கிட்டால் இந்த அமைப்பு முழுவதும் உங்கள் பலகையின் எட்டடி விளிம்பிலேயே அடங்கிவிடும். ஏற்கெனவே இருக்கும் இரண்டு சைடிங்குகளுடன் தடம் பிரியும் இன்னொரு பாயிண்ட் சேர்த்தால் போதும். புதிர் பழகிய பிறகு, சைடிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: இது சிமெண்டு கிடங்கு, இது பஞ்சாலை, இது கூட்ஸ் ஷெட் என்று. வட்டப்பாதையைப் பிரிக்க வேண்டாம்; சரக்கு வண்டி ஷண்டிங்கைத் தொடங்குமுன் இரண்டு சுற்று ஓடினால் அது அடுத்த ஊர்ப் பயணம் ஆகிவிடும். பிள்ளைகளிடம் ரயிலைக் காட்டாதீர்கள், சீட்டைக் கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் நாற்பதடி நீளப் பாதை இருக்கிறது. ஒவ்வோர் இயக்க நாளுக்கு முன்பும் இரண்டு முழு நாட்கள் தடம் துடைக்கிறேன். அப்படியும் இன்ஜின்கள் நடுவழியில் நின்றுவிடுகின்றன, வேகன்கள் தடம் புரள்கின்றன. நண்பர்கள் கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். எதை விட்டுவிட்டேன்? (டொராண்டோ வாசகர்)

நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. எல்லாவற்றையும் செய்கிறீர்கள், அதுதான் சிக்கல். பழுது நாலு இடத்தில் இருக்க, நாற்பதடியையும் துடைப்பதால் கை வலிக்குமே தவிர பழுது போகாது. இரண்டு நாள் துடைப்பதைவிட, இயக்க நாளன்று நண்பர்கள் கையில் ஒரு கட்டு வெள்ளைச் சீட்டைக் கொடுப்பது அதிகப் பலன் தரும். பழுதான வேகனை அமெரிக்க ரயில்வேக்களில் பேட் ஆர்டர் என்று குறிப்பார்கள். நம் ஊர் ரயில்வேக்காரர்கள் சிக் வேகன், அதாவது நோயாளி வேகன் என்பார்கள். ஆகவே பழுதைக் கண்டவுடன் எழுதும் அந்த வெள்ளைச் சீட்டுக்கு நாங்கள் சிக் சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எந்த வண்டி அல்லது இன்ஜின், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது. கடைசி விவரம்தான் உயிர். இழுத்தபோதா, தள்ளியபோதா? கிழக்கே போனபோதா, மேற்கே வந்தபோதா? மெயினிலா, மற்ற ரயிலுக்கு வழிவிட ஒதுங்கும் லூப்பிலா?

என் பாதையில் நடந்ததையே சொல்கிறேன். கோல்ட்ஸ்பரோ லூப்பின் வாயிலில் இன்ஜின் ஒரு கணம் திணறி நிற்பது மாதக்கணக்கில் வழக்கமாக இருந்தது. நின்றதும் பக்கத்தில் இருப்பவர் விரலால் லேசாகத் தள்ளிவிடுவார், ரயில் போய்விடும், பேச்சு தொடரும். நீராவி இன்ஜின்களைச் சக்கர எண்ணிக்கையால் 0-6-0, 2-8-2 என்று வகைப்படுத்துவது வழக்கம் என்பதால், இப்படித் தள்ளும் கையை அமெரிக்க ஆர்வலர்கள் 0-5-0 இன்ஜின் என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் ஐந்து விரல் இன்ஜின் எல்லா இன்ஜின்களையும்விட அதிகம் உழைத்துக்கொண்டிருந்தது. சிக் சீட்டு முறையைத் தொடங்கிய முதல் நாளே அந்த இடத்தைப் பற்றி மூன்று பேரிடமிருந்து மூன்று சீட்டுகள் வந்தன. மூன்றிலும் கிழக்கே போகும் ரயில், மூன்றிலும் சிறிய இன்ஜின். கிழக்கே போகும் ரயில்கள்தாம் அங்கே லூப்பில் ஒதுங்கும். பாயிண்டை லூப்புக்குத் திருப்பிவைத்து மீட்டரால் பார்த்தபோது, பாயிண்டைத் தாண்டிய 12 செ.மீ. தண்டவாளத் துண்டுக்கு மின்சாரம் வரவில்லை என்று தெரிந்தது. அதன் இணைப்புத் தகடு தளர்ந்திருந்தது. அதனால் அந்தத் துண்டு பாயிண்டின் நாக்குத் தண்டவாளம் உரசும் தொடுகையை மட்டும் நம்பியிருந்தது, அந்தத் தொடுகையோ அழுக்கேறியிருந்தது. நீண்ட இன்ஜின் அந்தத் துண்டுக்கு அப்பாலும் இப்பாலும் கால் வைத்துக் கடந்துவிடும், சிறியது நின்றுவிடும். மின்சாரம் கொண்டுவரும் இரண்டு ஃபீடர் ஒயர்களைச் சால்டர் வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த இடத்தை எத்தனை முறை துடைத்திருப்பேன் என்பதை எண்ணிப் பார்க்கவே விரும்பவில்லை.

ஆகவே மின்சாரத்தைப் பொறுத்தவரை, இணைப்புத் தகடுகளை நம்பாதீர்கள். 90 செ.மீ. நீளமுள்ள தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபீடர் ஒயர், அவை எல்லாம் அடியில் ஓடும் தடித்த பஸ் ஒயருக்கு. டிஜிட்டல் முறையில், அதாவது டிசிசி முறையில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள், எந்த இடத்தில் வைத்தாலும் கட்டுப்பாட்டுக் கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஓரிடத்தில் அது துண்டிக்காமல் நாணயம் சுடத் தொடங்கினால், அங்கே ஒயர் போதவில்லை என்று பொருள். உடனே நாணயத்தை எடுத்துவிடுங்கள்.

தடம் புரள்வது வேறு கதை. அதில் வேகன் குற்றவாளியா, தடம் குற்றவாளியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரே வேகன் பல இடங்களில் புரண்டால் வேகனையும், பல வேகன்கள் ஒரே இடத்தில் புரண்டால் தடத்தையும் பாருங்கள். சிக் சீட்டுகளை இரண்டு விதமாக அடுக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 1935-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்ஓ அளவுக்கென ஓர் உலோகத் தகடு அளவியை வெளியிட்டிருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலான அகலம், தண்டவாளங்களுக்கு இடையிலான 16.5 மி.மீ., பாயிண்டின் இடைவெளிகள் என அனைத்தையும் அந்த ஒரே தகட்டால் சரிபார்க்கலாம். புதிதாக வாங்கிய வேகனாக இருந்தாலும் இந்தத் தகட்டைத் தொடாமல் என் பாதையில் ஏறக் கூடாது. சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் அரை மி.மீ. குறைந்தால்கூட, நேர்ப்பாதையில் எதுவும் தெரியாது. பாயிண்டைப் பின்னோக்கித் தள்ளிக் கடக்கும்போதுதான் வண்டவாளம் வெளிப்படும்.

அடுத்தது எடை. அதே சங்கத்தின் பரிந்துரைப்படி எச்ஓ வேகனுக்கு ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் இருக்க வேண்டும். நம் கணக்கில் 28 கிராமும், செ.மீ. ஒன்றுக்கு சுமார் 5.6 கிராமும். 14 செ.மீ. வேகன் என்றால் 106 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்து, குறைந்தால் உள்ளே ஈயமில்லாத எடைத் துண்டை ஒட்டிவிடுங்கள். பிறகு வேகன்களைக் கோக்கும் கப்ளிங்கின் உயரம், அதன் கீழே தொங்கும் கம்பி பாயிண்டில் இடிக்கிறதா என்பது, பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றுவது. பிளாஸ்டிக் சக்கரம் கருப்பு அழுக்கைச் சேர்த்துத் தடமெங்கும் பூசிக்கொண்டே போகும் என்பதால், இந்த மாற்றத்துக்குப் பிறகு நீங்கள் துடைக்க வேண்டிய நேரம் தானாகவே குறையும்.

துடைப்பதில் ஒரே எச்சரிக்கை: மணல்தாள் வேண்டாம். அது உண்டாக்கும் நுண்கீறல்கள் அடுத்த அழுக்குக்கு இருக்கை போட்டுத் தரும். நீண்ட காலம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத்தான் எல்லோரும் பயன்படுத்தினோம். அண்மைக்காலத்தில் பலர் மினரல் ஸ்பிரிட் போன்ற கரைப்பான்களுக்கு மாறியிருக்கிறார்கள், அவற்றால் துடைத்த தடம் மீண்டும் கறுப்பதற்கு அதிக நாட்கள் ஆகின்றன என்பதே என் அனுபவமும். இரண்டும் தீப்பற்றக் கூடியவை. காற்றோட்டம் வேண்டும், ஈரம் காயும்வரை ரயில் ஓடக் கூடாது. கலிஃபோர்னியாவில் கோர் அண்டு டஃபீட்டட் என்ற புகழ்பெற்ற பாதையை அமைத்த ஜான் ஆலன், சாதாரண வேகன் ஒன்றின் அடியில் ஹார்டுபோர்டுத் துண்டைத் தண்டவாளத்தின்மீது படியும்படி மிதக்கவிட்டு, வழக்கமான சரக்கு ரயிலிலேயே அதைச் சேர்த்து ஓட்டினார். நானும் அப்படி இரண்டு வேகன்கள் வைத்திருக்கிறேன். வாராவாரம் அவை ஒருமுறை பாதை முழுவதும் சுற்றிவிட்டால், சுரங்கத்துக்குள் கையை நுழைத்துத் துடைக்கும் வேலை ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கடைசியாக ஒன்று. வியாழக்கிழமை எல்லா இன்ஜின்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு எதையும் பழுதுபார்க்காதீர்கள். என் பாதையில் நேர்ந்த மோசமான விபத்துகள் எல்லாம் வெள்ளி இரவு நான் செய்த சீர்திருத்தங்களால் நேர்ந்தவை.

கேள்வி: கடற்கரைக்கு அருகே குடியிருக்கிறோம். மழைக்காலத்தில் பலகை உப்புகிறது, கோடையில் தண்டவாளம் வளைகிறது, ஆண்டு முழுவதும் கறுக்கிறது. (சென்னை, அடையாறு வாசகர்)

தண்டவாளத்தின்மீது பழி போடாதீர்கள். அதிகம் நகர்வது மரம்தான். நிக்கல் சில்வர் என்று சொல்லப்படுவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, அதில் வெள்ளி கிடையாது. பத்து மீட்டர் நீளத் தண்டவாளம் பத்து டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒன்றரை மி.மீ. அளவுக்குத்தான் நீளும். ஈரத்தை உறிஞ்சும் மரச் சட்டமோ அதைவிடத் தாராளமாகவே விரிந்து சுருங்கும். எனவே பிளைவுட்டின் மேல்பக்கம், அடிப்பக்கம், குறிப்பாக அறுத்த விளிம்புகள் எல்லாவற்றிலும் பெயிண்டோ வார்னிஷோ அடித்துவிடுங்கள். எல்லா இணைப்புகளையும் சால்டர் வைத்து இறுக்காமல், இரண்டு மூன்று துண்டுகளுக்கு ஒருமுறை ஓர் இணைப்பைத் தளர்வாக விட்டு, அதன் இருபுறமும் ஃபீடர் ஒயர் கொடுங்கள். இடைவெளியை எந்தப் பருவத்தில் விடுவது என்றால், மரம் உப்பியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் தடம் போடுபவர்கள் கூடுதல் இடைவெளி விட வேண்டும், ஏனெனில் கோடையில் மரம் சுருங்கும்போது தண்டவாளங்களின் முனைகள் ஒன்றையொன்று நெருக்கும்.

பழைய பித்தளைத் தண்டவாளம் வைத்திருந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது. கடற்காற்றில் அதைத் துடைத்து மாளாது. ஓட்டாத நாட்களில் பழைய பருத்திப் புடவையால் பாதையை மூடி வையுங்கள். இன்ஜினுக்கு எண்ணெய் விடுவதாக இருந்தால், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏசி அறையில் அது உறைந்துவிடும். இதை ஒருவர் உண்மையிலேயே செய்து பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

கேள்வி: எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்பதைக் கணினி நிரலே அச்சிட்டுத் தருகிறதே, இன்னுமா அட்டைகளை வைத்து மல்லுக்கட்டுகிறீர்கள்? (சிங்கப்பூர் வாசகர்)

ஆம், இன்னும் அட்டைதான். டக் ஸ்மித் என்பவர் 1961-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் விளக்கிய முறையின் வழிவந்தது இது. ஒவ்வொரு வேகனுக்கும் அதன் எண்ணும் வகையும் எழுதிய ஓர் அட்டை. அட்டையில் ஒரு பை. பையில் ஒரு சரக்குச் சீட்டு. சீட்டுக்கு இரண்டு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முனைகளுமாக நான்கு முகங்கள். என் நிலக்கரி வேகன் ஒன்றின் சீட்டைப் பாருங்கள்: முதல் முகத்தில், காலியாகச் சுரங்கத்துக்கு. இரண்டாவதில், கரி ஏற்றி ஹோபோக்கனுக்கு. மூன்றாவதில், காலியாகத் திரும்பச் சுரங்கத்துக்கு. நான்காவதில், ஈஸ்ட் ஸ்ட்ரவுட்ஸ்பர்க்கில் இருக்கும் கரி வியாபாரிக்கு. வேகன் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தபின், அடுத்த இயக்க நாளுக்கு முன் சீட்டை அடுத்த முகத்துக்குத் திருப்பிவைக்கிறேன். அவ்வளவுதான், அந்த வேகனுக்கு ஒரு வாழ்க்கை வந்துவிடும். ஹோபோக்கன் என் நிலவறையில் இல்லை. கொதிகலனுக்குப் பின்னால் இருக்கும் ஆறு வரிசை மறைவு யார்டுதான் ஹோபோக்கன்.

ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச நிரல் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் எங்கே எதை விடுவது, எதை எடுப்பது என்று பட்டியல் போட்டுத் தரும். ஆனால் ஒருவர் தவறான சைடிங்கில் ஒரு வேகனை விட்டுவிட்டால், நிரல் அதை அறியாது. யாராவது உட்கார்ந்து அதற்குச் சொல்ல வேண்டும். அட்டையோ வேகனோடு கூடவே போவதால், தவறு நடந்த இடத்திலேயே தவறும் நிற்கும், அடுத்து வருபவர் திருத்திவிடுவார். நூறு வேகன்களுக்கு உட்பட்ட பாதைக்கு அட்டையே போதும் என்பது என் கருத்து. இன்னொரு வசதி, சிக் சீட்டை அந்த அட்டையின் பையிலேயே செருகிவிடலாம். செருகிய வேகன் எங்கே இருந்தாலும் அடுத்த ரயிலில் பழுதுபார்ப்புத் தடத்துக்குப் போயாக வேண்டும் என்பது விதி.

வேகன்களை மட்டும் அளவோடு வையுங்கள். யார்டில் பாதிக்கு மேல் நிறைந்தால் ஷண்டிங் செய்ய இடமிருக்காது. ஆசைப்பட்டு வாங்கிய மற்றவை அலமாரியில் இருக்கட்டும். இதைச் சொல்லும் எனக்கும் அலமாரி போதவில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் மலைப்பாதையை எச்ஓஎம் அளவில் (எச்ஓ விகிதத்து மீட்டர்கேஜ்) அமைத்து வருகிறேன். அமெரிக்கர்களின் டிரெயின் ஆர்டர் முறை எனக்கு விளங்கவில்லை. நாங்கள் நடத்தியதுபோல் லைன் கிளியர், டோக்கன் வைத்து வீட்டில் நடத்த முடியுமா? (மதுரை வாசகர்)

உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். 1904-இல் திறக்கப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாக மறுபிறவி எடுத்த அந்தத் தடத்தை 12 மி.மீ. அகலத்தில் நீங்கள் மீட்பது பெரிய காரியம். பதிமூன்று கண் பாலத்தைக் கட்டி முடித்ததும் படம் அனுப்புங்கள்.

உங்களுக்கு விளங்காததற்குக் காரணம், நீங்கள் பழகிய முறைக்கு நேர் எதிரான நம்பிக்கையின்மீது அது நிற்பதுதான். நம் ஒற்றைப் பாதையில், முன்னால் இருக்கும் ஸ்டேஷன் தடம் காலி என்று லைன் கிளியர் கொடுத்து, நீல்ஸ் கருவியிலிருந்து டோக்கனாகிய பந்து வெளியே வந்து, அது டிரைவர் கைக்குப் போனால்தான் ரயில் நகரும். அமெரிக்காவின் பழைய முறையில் கையில் கொடுக்க எந்தப் பொருளும் இல்லை. கால அட்டவணையே அதிகாரம். ரயில்களுக்கு வகுப்புகள் உண்டு. தாழ்ந்த வகுப்பு ரயில், உயர்ந்த வகுப்பு ரயிலின் நேரத்தைத் தானே கணக்குப் பார்த்து, முன்கூட்டியே லூப்பில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரே வகுப்பு என்றால் எந்தத் திசைக்கு முன்னுரிமை என்று அட்டவணை சொல்லும். இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமானால், ரயில்களின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிஸ்பாட்சர் தந்தியிலோ தொலைபேசியிலோ சொல்ல, வழியில் உள்ள ஆபரேட்டர் அதை மெல்லிய தாளில் படியெடுத்து, ஓடும் ரயிலுக்கு வளையத்தில் செருகி நீட்டுவார். அது 19-ஆம் எண் படிவம். கையெழுத்து வாங்கியே தீர வேண்டிய ஆணைகளுக்கு 31-ஆம் எண் படிவம். அதற்கு ரயிலை நிறுத்தியாக வேண்டும். ஆடும் நண்பர்களுக்கு இது சதுரங்கம்போல் சுவையானது, ஆனால் கற்க ஆறு மாதம் ஆகும்.

டோக்கன் முறையைக் கற்க ஆறு நிமிடம் போதும். ஆகவே தயங்காமல் நடத்துங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட செக்‌ஷனுக்கு ஒரே ஒரு தடியோ பந்தோ வைத்து ஓட்டினால், ஒரே திசையில் இரண்டு ரயில்கள் அடுத்தடுத்துப் போகும்போது பந்து மறு கோடியில் மாட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இரு முனைகளிலும் கருவி வைத்து மின்சாரத்தால் பிணைத்தது அதற்காகத்தான். வீட்டில் அந்தக் கருவிகளை அமைக்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு பலகை மாட்டி, செக்‌ஷனுக்கு ஒரு குழியும் ஒரு வண்ண மரக்குண்டும் வையுங்கள். குண்டு குழியில் இருந்தால் செக்‌ஷன் காலி. இல்லாவிட்டால் யாரோ ஒருவர் சட்டைப் பையில் அது இருக்கிறது. அறை சிறியது என்பதால் எல்லோருக்கும் பலகை தெரியும், போகும் முனை, வரும் முனை என்ற சிக்கலே எழாது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணியடித்துக் கேட்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ரயில்வேயின் பாதி இன்பம் அந்த மணியோசையில்தான் இருக்கிறது. ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ் எழுத உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஒரே வேண்டுகோள், அதை ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மலையேற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் பேங்கிங் இன்ஜினை ஓட்டும் வேலையை நல்ல பொறுமைசாலியிடம் கொடுங்கள். ஸ்க்ரான்டனிலிருந்து போகோனோ ஏறும் ரயில்களுக்கும் அப்படி ஓர் இன்ஜின் உண்டு. முன்னால் இருப்பவர் நிறுத்திய பிறகும் பின்னால் இருப்பவர் தள்ளிக்கொண்டிருந்தால், நடுவில் இருக்கும் வேகன் எழுந்து நின்று கும்பிடு போடும்.

கேள்வி: இயக்க நாளில் உண்மை நேரத்தைவிட விரைவாக ஓடும் வேகக் கடிகாரத்தை எத்தனை மடங்கில் ஓட விடுவது? (மெல்போர்ன் வாசகர்)

மூன்று அல்லது நான்கு மடங்கு. கணக்கு இதுதான்: எச்ஓ அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது பதினொன்றரை மீட்டர். என் மெயின் லைன் 30 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நான்கே நிமிடங்களில் தீர்ந்துவிடும். கடிகாரத்தை நான்கு மடங்கு விரைவாக ஓடவிட்டால் அது 16 நிமிடப் பயணமாகத் தோன்றும். ஆனால் வேகனைக் கோப்பதற்கும் பாயிண்ட் போடுவதற்கும் ஆகும் நேரம் சுருங்குவதில்லை. எட்டு மடங்கு என்று ஆசைப்பட்டால், ஒரு சைடிங்கில் இரண்டு வேகனை மாற்றுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய், யார்டு மாஸ்டர் பைத்தியமாகிவிடுவார். முதல் சில மாதங்கள் கடிகாரமே இல்லாமல், ரயில்களை வரிசைப்படி மட்டும் ஓட்டிப் பழகுவது இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் இயக்க நாளில் டிஸ்பாட்சராக உட்காரும் நண்பர் எல்லோரையும் அதட்டுகிறார். புதிதாக வந்த இருவர் மறுமுறை வரவில்லை. பழைய நட்பு, சொல்லவும் முடியவில்லை. (லண்டன் வாசகி)

அவரை அடுத்த மாதம் உள்ளூர்ச் சரக்கு ரயிலுக்கு மாற்றுங்கள். பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது வழக்கம் என்று அறிவித்துவிட்டால் யார் மனமும் புண்படாது. குலுக்குவது நீங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். மூன்று மணி நேரம் லூப்பில் காத்திருந்து பார்த்தவர் மறுபடி டிஸ்பாட்சர் நாற்காலியில் உட்காரும்போது குரல் இறங்கியிருக்கும்.

புதியவர்களைத் தனியாக விடாதீர்கள். முதல் நாள் பழகிய ஒருவரோடு சேர்த்து ஒரே ரயிலில் இருவராகப் போடுங்கள். அவர் கையில் கருவி, இவர் கையில் அட்டைகள், பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரையும் கூட்டி, சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், நிறுத்தியவரை யாரும் கோபிக்கக் கூடாது என்பதை வீட்டுக்காரராகிய நீங்களே சொல்லுங்கள். தடம் புரண்டால் அதைத் தூக்கி வைப்பதற்கு முன் சிக் சீட்டு எழுத வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். புரண்டது தன் குற்றம் என்று வெட்கப்பட்டுப் புதியவர்கள் மறைத்துவிடுவார்கள். எழுதியவருக்கு நன்றி சொன்னால் அடுத்தவரும் எழுதுவார்.

இன்னொன்றும் உண்டு. பஜ்ஜியும் முறுக்கும் இடைவேளையில், வேறு அறையில், கை கழுவிவிட்டு. எண்ணெய்க் கை பட்ட வேகன் சக்கரம் ஒன்றே அரைப் பாதையை மெழுகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி வாரத்து இயக்க நாளுக்குப் பிறகு நான் இரண்டு இரவுகள் சக்கரம் துடைத்தேன்.

கேள்வி: ஆறு வயதுப் பேத்தி, தானும் இயக்க நாளில் வேலை செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். சேர்த்துக்கொள்ளலாமா? (திருச்சி வாசகர்)

தாராளமாக. ஆனால் இன்ஜினைக் கொடுக்காதீர்கள், அதற்கு அவசரமில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமானால் சிக் சீட்டுகளைச் சேகரிக்கும் வேலையைக் கொடுங்கள். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு டப்பா. என் நண்பர் ஒருவரின் மகள் எங்கள் பாதையில் அந்த வேலையைப் பார்க்கிறாள். யாராவது விரலால் வேகனைத் தள்ளுவதைக் கண்டால் விசில் ஊதி, சீட்டு எழுதும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுவிடுவாள். சென்ற மாதம் அவள் டப்பாவில் பதினொரு சீட்டுகள் இருந்தன, அவற்றில் நான்கு என் பெயரில்.